முழங்கால் பட்டை

எங்கள் ஊர் கோல்ஃப் சங்கத்தில் பெண்களுக்கென்று கட்டடத்துக்குப் பின்னால் ஒரு துண்டுப் புல்தரை உண்டு. அங்கே பந்தை உருட்டலாம். ஓங்கி அடிக்கக் கூடாது. மட்டை தோளுக்கு மேலே போவது பெண்ணுக்கு அழகல்ல என்று யாரோ எப்போதோ முடிவு செய்திருந்தார்கள். ஆண்கள் அந்த இடத்தைக் கோழிக்கூண்டு என்பார்கள். ஓடை, மணல்பள்ளம், மேடு எல்லாம் உள்ள பெரிய மைதானம் அவர்களுடையது. இந்த வருடம்தான் முதல்முறையாகப் பெரிய மைதானத்தில் பெண்களுக்கு ஒரு கோப்பைப் போட்டி வைத்தார்கள். அதில் என் அண்ணி ஆட முடியுமா முடியாதா என்பதுதான் சில வாரங்களாக எங்கள் வீட்டில் பேச்சு.

நடந்ததை நடந்த வரிசையில் எழுதப் பார்க்கிறேன். முடிவை முதலிலேயே உளறிவிடுகிறேன் என்று நான் கதை எழுதப் பழகும் மாலை வகுப்பில் என்மீது ஒரு புகார் உண்டு.

அண்ணி தையற்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. ஜன்னலோரம் இயந்திரம், நடுவில் வெட்டுமேசை, மூலையில் ஆளுயரக் கண்ணாடி. தைக்கக் கொடுத்தவர்கள் கண்ணாடி முன்னால் நின்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும்போது அண்ணி, "மூச்சு விடுங்கம்மா, துணிக்கு அவசரமில்லை" என்பாள். பின்னறைகளில் நாங்கள்: அம்மா, அண்ணன், நான். அண்ணனுக்கு பேக்கரியில் அடுப்பு வேலை. விடியுமுன் போய் மத்தியானம் வந்து படுத்துவிடுவான். வீட்டில் எந்தச் சண்டைக்கும் அவனிடம் நியாயம் கேட்க முடியாது. கேட்டால் குறட்டைதான் பதில்.

கோல்ஃப் சங்கத்துச் செயலாளரின் மனைவி அண்ணியிடம்தான் துணி தைப்பவர். ஒருநாள் கோழிக்கூண்டில் அவருடைய பாவாடை ஓரம் வேலியில் மாட்டிக் கிழிந்துவிட்டது. அண்ணியை அங்கேயே வரவழைத்துத் தைக்கச் சொன்னார். தைத்து முடித்ததும், "நீயும் ஒண்ணு அடிச்சுப் பாரேன்" என்று விளையாட்டாக மட்டையை நீட்டினார். அண்ணிக்குத் தெரிந்த அடி, கொடியில் போட்ட கம்பளத்தை அடிக்கிற அடிதான். அதையே அடித்தாள். பந்து வேலியைத் தாண்டி, ஆண்கள் உட்கார்ந்து தேநீர் குடிக்கும் இடத்தில் சர்க்கரைக் கிண்ணத்துப் பக்கத்தில் போய் விழுந்தது.

"யார் அடிச்சது?" என்று குரல் வந்தது.

"காத்து!" என்றார் செயலாளர் வீட்டம்மா.

அதற்கப்புறம் அவரே அண்ணியைப் பெண்கள் பிரிவில் சேர்த்துவிட்டார். ஆண்கள் யாரும் வராத அதிகாலைகளில் இருவரும் பெரிய மைதானத்துக்குள் நழுவுவார்கள். மட்டைப் பையை நான் சுமப்பேன். ஒரு வருடத்தில், குரு சிஷ்யையைப் பார்த்துப் பொறாமைப்படுகிற அளவுக்கு அண்ணி ஆடினாள்.

தொல்லை கொடுத்தது காற்றுதான். குனிந்து பந்தைப் பார்த்தால் பாவாடை பறந்து பந்தை மூடிக்கொள்ளும். பெண்கள் எல்லாரும் பந்தை அடிப்பதற்கு முன்னால் பாவாடையோடு மல்லுக்கு நிற்பார்கள். அண்ணி ஓர் இரவு அகலமான எலாஸ்டிக்கின் மேல் கெட்டித் துணி வைத்துத் தைத்து ஒரு பட்டை செய்தாள். நடக்கும்போது அது இடுப்பில் இருக்கும். அடிக்கப்போகும் நேரத்தில் முழங்காலுக்கு இறக்கிவிட்டால் பாவாடை அடங்கி நிற்கும். அடித்ததும் மேலே ஏற்றிக்கொண்டு நடக்கலாம். பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். அண்ணி தைத்தாள், தைத்ததற்குக் கூலியும் வாங்கினாள். தையற்காரி வேறென்ன செய்வாள்?

கோப்பைப் போட்டிக்குப் பெயர் கொடுத்த மறுநாள் செயலாளர் எங்கள் வாசலில் நின்றார். ஒல்லியான மனிதர். கோட்டின் எல்லாப் பொத்தானையும் போட்டிருந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இது அமெச்சூர்களுக்கான, அதாவது ஆட்டத்துல காசு பார்க்காதவங்களுக்கான போட்டி. ஆட்டத்துக்கான கருவியைச் செஞ்சு கூலி வாங்கறவங்க தொழில்காரங்க. மட்டை செய்யறவர், பந்து செய்யறவர் யாரும் இதுல ஆட முடியாது."

"நான் மட்டையும் செய்யல, பந்தும் செய்யலையே" என்றாள் அண்ணி.

"அந்த... பட்டை."

அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "எந்தப் பட்டை?"

"அதாம்மா. அந்தப் பட்டை."

"கழுத்துப் பட்டையா, இடுப்புப் பட்டையா? வாயைத் திறந்து சொன்னாத்தானே தெரியும்?"

செயலாளரின் காது சிவந்தது. முழங்கால் என்ற சொல்லை அந்நியப் பெண்கள் முன்னால் சொல்ல அவரால் முடியவில்லை. "கமிட்டி வெள்ளிக்கிழமை கூடுது. அங்க வந்து பேசிக்குங்க" என்று தொப்பியைத் தொட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அன்று இயந்திரம் ஓடவில்லை. அண்ணன் சாப்பிட எழுந்தபோது அண்ணி கேட்டாள்: "பட்டை தைக்கறதை விடவா? ஆட்டத்தை விடவா?"

"விட்டுடு" என்றான் அண்ணன்.

"எதை?"

"என்கிட்ட கேக்கறதை."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவளே, "ஒரு பந்தைக் குழியில தள்ளறதுக்கு இத்தனை சட்டமா? எங்க வீட்டுல குழி வெட்டினா செடி நட்டோம்" என்றாள்.

அண்ணி சிரிக்கவில்லை. "நீங்க சொல்றது சரி அத்தை. ஆனா நான் தைக்கறது எல்லாமே மத்தவங்க போட்டுக்கிட்டுப் போய் நிக்கறதுக்கு. என் துணியில அவங்க கல்யாணத்துல நிப்பாங்க, மேடையில நிப்பாங்க. ஆட்டம் தொடங்கற அந்த முதல் மேட்டுல, அத்தனை பேர் பார்க்க, நான் நின்னு ஒரு அடி அடிக்கணும். ஒளிஞ்சு ஒளிஞ்சு விடியக்காலையில இல்ல. பட்டப்பகல்ல."

அம்மா அண்ணியின் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டாள். அவளுடைய சம்மதம் எப்போதும் தட்டு வழியாகத்தான் வரும்.

வெள்ளிக்கிழமை நானும் அண்ணியோடு போனேன். கமிட்டி அறையில் நீள மேசை, தோல் நாற்காலிகள், சுருட்டு நாற்றம். தலைவர் ஓய்வுபெற்ற ரயில்வே எஞ்சினியர். பருத்த உடம்பு, கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டே இருந்தார்.

"அந்தக் கருவியைப் பார்க்கலாமா?" என்றார்.

அண்ணி பையிலிருந்து ஒரு பட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். அது லேசாகச் சுருங்கி நிமிர்ந்தது. கமிட்டிக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கூரையைப் பார்க்கத் தொடங்கினார்கள். எல்லாரும் பார்க்க வேண்டிய பொருளை யாரும் பார்க்கவில்லை. தொடுவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

"இதை எங்க மாட்டறது?" என்றார் தலைவர்.

 செயலாளர் பேனாவை ஆராய்ந்தார்.

"முழங்கால்ல" என்றாள் அண்ணி.

ஒருவருக்கு இருமல் வந்தது. இன்னொருவர் எழுந்து, திறந்திருந்த ஜன்னலைத் திறக்கப் போனார்.

"சரி, தீர்மானத்தை எழுதலாம்" என்றார் செயலாளர். "பெண் ஆட்டக்காரர்கள் தங்கள்... தங்கள் கால்களின் நடுவாந்தரத்தில்..."

"நிறுத்துய்யா!" தலைவர் மேசையைத் தட்டினார். "தீர்மானத்தைப் பலகையில ஒட்டணும். என் வீட்டம்மா தினமும் அதைப் படிக்கறாங்க. கால், நடுவாந்தரம் எல்லாம் நம்ம பலகையில வரக் கூடாது. இது என்ன? துணி. துணின்னா உடை. உடை எப்படிக் கருவியாகும்? அந்தம்மா தையற்காரி, அவ்வளவுதான். ஆடட்டும். அதை முதல்ல மேசையிலிருந்து எடுங்கம்மா."

அண்ணி அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்தாள். நான் மேசைக்கடியில் அவள் கையைக் கிள்ளினேன். அதோடு எழுந்து வந்திருக்கலாம். செயலாளர் தொண்டையைச் செருமினார்.

"உடைன்னு ஆயிட்டதால உடை விதி பொருந்தும். முதல் பந்து அடிச்சதிலிருந்து கடைசிக் குழி வரைக்கும் மைதானத்துல யாரும் உடையைக் கழட்டவோ, சேர்க்கவோ, இடம் மாத்தவோ கூடாது. வெயில்ல கோட்டைக் கழட்டறாங்கன்னு நாமளே போட்ட விதி. பட்டை இடுப்புல இருந்தா கடைசிவரை இடுப்புல. இல்லைன்னா கடைசிவரை... அங்கே."

தலைவர் பெருமூச்சு விட்டுக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். விதி விதிதான். ஆட வரம் கிடைத்தது. நடக்க வரம் கிடைக்கவில்லை.

இடுப்பில் விட்டால் பாவாடை பறக்கும். முழங்காலில் விட்டால் மைதானம் முழுவதும் காலைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அண்ணி முழங்காலைத் தேர்ந்தெடுத்தாள். "நடக்கறதுக்கு யாரும் கோப்பை தரலை. அடிக்கறதுக்குத்தான்" என்றாள். அன்றிலிருந்து வீட்டுக்குள் பட்டையோடுதான் நடமாட்டம்.

"வாத்து தோத்துச்சு போ" என்றாள் அம்மா. "காலை எடுத்து வைக்கத் தெரியாம பட்டையைக் குத்தம் சொல்லாதே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

மறுநாள் மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தபோது அம்மா நிலைப்படியில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பாவாடைக்கு மேல் முழங்காலில் பட்டை. உள்ளேயும் வர முடியவில்லை, வெளியேயும் போக முடியவில்லை.

"என்னம்மா பண்றீங்க?"

"சும்மா நிக்கறேன். நிக்கக் கூடாதா? உன் அண்ணி வர்றதுக்குள்ள கழட்டி விடுடி."

போட்டி நாளன்று விடிந்ததிலிருந்தே காற்று. முதல் சுற்றில் அண்ணிக்கு எதிராளி யாரென்று சீட்டுக் குலுக்கிப் போட்டதில், செயலாளர் வீட்டம்மாவின் பெயரே வந்திருந்தது. அவரும் முழங்காலில் பட்டையோடு சின்னச் சின்ன எட்டாக வைத்து வந்து சேர்ந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது.

"உன்மேல கோவமில்ல பொண்ணே" என்றார் அண்ணியிடம். "விதி எழுதின மகராசன்மேல. ஒரு வாரமா அவருக்குச் சூடா காப்பி கிடையாது."

அந்த மகராசன்தான் நடுவர். பத்தடி தள்ளி, பொத்தான் போட்ட கோட்டோடு, எதுவும் காதில் விழாதவர்போல வந்தார்.

முதல் மேட்டில் கூட்டம் நின்றது. பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் சிரிக்க வந்தவர்கள். அண்ணி பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். அடித்தாள். பந்து கோணலாகப் போய்ப் புதரில் விழுந்தது. பட்டப்பகலில் அத்தனை பேர் பார்க்க அடித்த அடி அப்படி ஆனது. அவள் வாத்துபோல நடந்து போனாள். நானும் பையோடு பின்னால் போனேன்.

இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு குழியும் ஒரு சண்டை. குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் போட்டவருக்கு அந்தக் குழி; அதிகக் குழிகளை எடுத்தவருக்கு வெற்றி. பாதி மைதானம் முடிவதற்குள் அண்ணி மூன்று குழி பின்தங்கிவிட்டாள். அடி ஒழுங்காகத்தான் வந்தது. ஆனால் மேட்டில் ஏறிப் பந்தருகே போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கியது. வாங்கிய மூச்சோடு அடித்தால் பந்து எப்படிக் கேட்கும்? எதிராளி உயரமானவர். கட்டிய காலோடும் அவர் எடுத்து வைக்கிற எட்டு நீளம்.

சரிவில் இறங்கும்போது இருவரும் கையைக் கோத்துக்கொண்டார்கள்.

"விழுந்தா சேர்ந்து விழுவோம் அக்கா."

"நான் விழுந்தா உனக்குத்தானே லாபம்?"

"நீங்க விழுந்தா நான்தான் அடியில."

ஓடைக்குக் குறுக்கே ஒரு பலகை உண்டு. அண்ணி பக்கவாட்டில் நண்டுபோல நகர்ந்து தாண்டிவிட்டாள். செயலாளர் வீட்டம்மா நேராக நடக்கப் பார்த்தார். பாதிப் பலகையில் ஒரு காற்று வந்தது. கால் தடுமாறினால் இன்னொரு காலை அகற்றி ஊன்றத்தானே எல்லாரும் பார்ப்போம்? அகற்ற வழியில்லை. வெட்டிய மரம்போல அப்படியே சாய்ந்து தண்ணீரில் விழுந்தார்.

ஓடை ஆழமில்லை. ஆனாலும் செயலாளர் பாய்ந்து இறங்கினார். மனைவியைக் கரையில் இழுத்துப் போட்டார். அந்த அம்மாள் பல் கிட்ட நடுங்குவதைப் பார்த்ததும் தன் கோட்டின் பொத்தான்களைப் பரபரவென்று கழற்றி, கோட்டை உருவி மனைவிமேல் போர்த்தி, கைகளையும் நுழைத்துவிட்டார். எல்லாம் ஒரு நொடி.

அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. கூட்டத்துக்கு அதற்கு முன்பே உறைத்துவிட்டது. 

"என்னங்க பண்ணீங்க?" என்றார் மனைவி, மூக்கிலிருந்து தண்ணீர் சொட்ட.

"கோட்டைக் கழட்டினேன். உனக்குக் குளிருதே."

"கழட்டலாமா?"

செயலாளர் வெறும் சட்டையோடு நின்றார். விதியை எழுதிய கை அவருடையது. அதைப் படிக்க வேண்டிய வாயும் அவருடையது.  பிறகு அண்ணி பக்கம் திரும்பினார். அந்த இடத்தில் அவர்மேல் எனக்கு மரியாதை வந்தது என்று எழுதத்தான் வேண்டும்.

"விதிப்படி எதிராளி நடுவுல உடை சேர்த்துக்கிட்டாங்க. ஆட்டம் உங்களுக்கும்மா. நீங்க ஜெயிச்சுட்டீங்க."

நான் அண்ணியின் காதருகே போய், "வாங்கிக்குங்க அண்ணி, மூணு குழி பின்னால இருக்கோம்" என்றேன்.

அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் நான் பையின் வாரைச் சரிசெய்யத் தொடங்கிவிட்டேன்.

"நான் ஆடணும்னு வந்தேங்க" என்றாள் அவரிடம். "என்ன ஜெயிச்சேன்னு ஊர்ல கேட்டா, ஒரு கோட்டை ஜெயிச்சேன்னா சொல்றது? உடையை மாத்தலாமா, கூடாதா, அதை மட்டும் சொல்லுங்க. கூடாதுன்னா நான் வீட்டுக்குப் போறேன், கோப்பையை வேற யாருக்காவது குடுங்க. மாத்தலாம்னா அக்கா கோட்டோட ஆடட்டும். நானும் இந்தப் பட்டையை ஏத்திக்கறேன்."

 அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு தலைவர் வந்தார். மேடு ஏறிவந்ததில் முகம் தக்காளிபோலச் சிவந்திருந்தது. செயலாளரைப் பார்த்தார், நனைந்திருந்த அவர் மனைவியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். பிறகு தன் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். உள்ளே சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மாத்தலாம்" என்றார். "இத்தனை வருஷமா யாராவது இப்படி ஒரு கேள்வி கேப்பாங்களான்னு காத்துக்கிட்டிருந்தேன். ஆடுங்கம்மா."

நான் எண்ணவில்லை, ஆனால் அடுத்த நிமிடத்தில் மைதானத்தில் கோட்டோடு நின்ற ஆண் ஒருவர்கூட இல்லை என்றே நினைக்கிறேன்.

அதற்கப்புறம் நடந்தது ஆட்டம். அண்ணி பட்டையை ஏற்றிக்கொண்டு எட்டி நடந்தாள். பந்தருகே நின்று மூச்சை வாங்கிவிட்டு, பட்டையை இறக்கி அடித்தாள். ஒரு குழி திரும்பி வந்தது. அடுத்ததும் வந்தது. ஆனால் செயலாளர் வீட்டம்மாவுக்கும் ஒரு வேடிக்கை நடந்தது. கணவரின் கனத்த ஈரக் கோட்டு பாவாடையை எந்தப் பட்டையையும்விட நன்றாக அழுத்திப் பிடித்தது. அவர் வாழ்நாளில் அடிக்காத அடியெல்லாம் அடித்தார். ஒருவரையொருவர் திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் கடைசிக் குழிக்கு வந்தபோது இருவரும் சமம்.

கடைசித் தள்ளலுக்கு அவர் குனிந்தபோது கோட்டுக்கை நழுவி விரல்களை மூடியது. மடித்துவிட்டார். மறுபடி நழுவியது.

"அடியே தையக்காரி, இதை ஏதாவது பண்ணேன்."

அண்ணி தன் ரவிக்கை ஓரத்திலிருந்து ஒரு குண்டூசியை எடுத்தாள். கோட்டுக்கையை அளவாக மடித்து, ஊசி முனை தோலில் படாமல் குத்திவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்று தன் வேலையைப் பார்த்தாள்.

"கூலி என்ன?"

"வேணாம் அக்கா. இன்னைக்குக் கூலி வாங்கினா உங்க வீட்டுக்காரர் என்னைத் தொழில்காரின்னுடுவார்."

செயலாளரே சிரித்துவிட்டார். அவர் மனைவி சிரிக்காமல் குனிந்து தள்ளினார். கைமடிப்பு அசையவில்லை, பந்து குழிக்குள் போனது. அண்ணி தான் குத்திய ஊசிக்குத் தானே விலை கொடுக்க வேண்டிய நிலை. அவளும் தள்ளினாள். பந்து குழியின் விளிம்பைச் சுற்றி, யோசித்து, உள்ளே விழுந்தது.

சமம் என்றால் முதல் குழிக்குத் திரும்பிப் போய் ஆட வேண்டும். மறுபடியும் அந்த மேடு. கூட்டம் இரண்டு மடங்காகியிருந்தது. பேக்கரியிலிருந்து நேரே வந்த அண்ணன், தலையில் மாவோடு, அம்மாவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். விழித்திருந்தான்.

அண்ணி பட்டையை இறக்கினாள். காற்று வீசியது, பாவாடை அசையவில்லை. கம்பளத்தை அடிப்பதுபோல அடித்தாள். பந்து எழும்பி, எழும்பிக்கொண்டே போய், வெகு தூரத்தில் குழியைச் சுற்றியுள்ள பச்சைப் புல்லின் நட்டநடுவில் இறங்கியது. அதைப் பார்த்ததும் செயலாளர் வீட்டம்மா, "இதுக்குமேல நான் என்னத்தை அடிக்கறது?" என்று சொல்லிக்கொண்டே மணல்பள்ளத்துக்குள் அடித்தார். அந்தக் குழி அண்ணிக்கு. ஆட்டமும் அண்ணிக்கு.

அடுத்த சுற்று சனிக்கிழமை. அதில் என்ன ஆகும் என்று தெரியாது. ஜெயிப்பாள் என்று எழுதிவிட்டு அப்புறம் கோடு போட்டு அடிக்க எனக்கு மனமில்லை.

கூட்டம் கலைந்தபோது வெளிச்சம் இன்னும் பாக்கி இருந்தது. செயலாளர் வீட்டம்மா அண்ணியின் தோளில் தட்டினார்.

"களைப்பா இருக்கா?"

"இல்லையே."

"அப்போ இன்னொரு சுத்து போவமா? கோப்பையும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"நடங்க அக்கா."

"கோட்டையாவது திருப்பிக் குடு" என்று செயலாளர் பின்னாலிருந்து கேட்டார்.

"காய்ஞ்சப்புறம் தர்றேன். நீங்க பைகளை எடுத்துக்கிட்டு வாங்க."

அவர் தோளுக்கொன்றாக இரண்டு பைகளை மாட்டிக்கொண்டு, சட்டைக்கையை முழங்கைவரை சுருட்டிக்கொண்டு நடந்தார். எனக்குச் சுமக்க ஒன்றுமில்லை. நான் அம்மாவோடு புல்லில் உட்கார்ந்து, அவர்கள் மூவரும் மேட்டைத் தாண்டி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.